அரம்

கழனிவாசல் கல்யாண மண்டபத்தில்
சாப்பாட்டு மேசைகளை ஓரமாய் அடுக்கிவிட்டு
மூன்று நாள் கூட்டம்.
சாம்பார் வாசனை போகாத கூடத்தில்
சகோதரர் கிளாட்வின் என் தலையில் கை வைத்தார்.
"மகளே, மூன்றாம் மாதத்தில் கடல் கடப்பாய்.
ஒரு நீலப் பெட்டியைக் கர்த்தர் காட்டுகிறார்."

என் பெட்டி நீலம்தான்.
அலமாரிக்கு மேல், போர்வைக்கு அடியில்,
சிங்கப்பூர்க் கடிதத்தோடு இருந்தது.
ஒருவருக்கும் சொன்னதில்லை.
உடம்பு சிலிர்த்ததை மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து
அப்பாவின் சிறுநீர்ப் பையை மாற்றினேன்.
"என்ன பேசினாங்க, எப்சிபா?"
"பாட்டுதான் நிறைய" என்றேன்.

படுக்கும் முன்
கண்ணை மூடி வேதத்தைத் திறந்து
விரலால் குத்தினேன்.
புறப்பட்டுப் போ, என்றிருந்தது.
இரண்டே சொல்.
அடுத்த வரிக்குக் கண் போகுமுன் மூடிவிட்டேன்.

மறுநாள் செக்காலை ரோடு, வங்கிக் கிளை.
அடகுக்கு வரும் நகையைத் தரம் பார்ப்பது என் வேலை.
பள்ளத்தூர் வயிரவன் எட்டுப் பவுன் சங்கிலியைத் தள்ளினார்.
முத்திரை இருந்தது.
கல்லில் உரசினேன், மஞ்சள் கோடு.
அமிலம் ஒரு சொட்டு; கோடு அசையவில்லை.
"போதும்மா, வரிசை நிக்குது" என்றார் மேனேஜர்.
கைக்கு மட்டும் கனம் ஒப்பவில்லை.
அரத்தை எடுத்துக் கொக்கியின் அடியில் இழுத்தேன்,
வெட்டுவாயில் ஒரு சொட்டு விட்டேன்.
பச்சையாய்ப் பொங்கியது.

அவர் சண்டை போடவில்லை.
"மகளுக்கு வாங்கினதும்மா" என்று
நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார்.
அவரையும் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்.

மேலே இருந்தது பொய்யில்லை.
தங்கம்தான்,
மயிரிழை கனத்துக்கு.

மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தவள்
திறந்தபடியே இருந்தேன்.
அந்த இரண்டு சொல்லும் தங்கம்தான்.
என் ஆசைக்கு மேல் அதைப் பூசியவள் நான்.

அன்றிரவு முன்னும் பின்னும் வாசித்தேன்.
யாரிடம் சொல்லப்பட்டது,
அவன் எதை விட்டான், யாரைக் கூட்டிப் போனான்,
வழியில் எங்கே பயந்து பொய் சொன்னான்
எல்லாம் இருந்தது.
அங்கிருந்து தினமும் கொஞ்சம்.
சில பக்கங்கள் வெறும் பேர் வரிசை,
தூங்கிவிழுந்தேன்.
ஒரு வெள்ளிக்கிழமை,
தகப்பனுக்குச் சேர வேண்டியதைக்
காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களிடம்
அவர் பேசும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.
கோபமாகத்தான் பேசுகிறார்.
பக்கத்து அறையில் இருமல்.

அதற்காக, போகாதே என்றும் எங்கும் எழுதியிருக்கவில்லை.
தேடினேன்.
சிங்கப்பூர் என்ற ஊரே அதில் இல்லை.

சகோதரர் கிளாட்வின் பொய் சொன்னாரா, தெரியாது.
நீலப் பெட்டியை எப்படிக் கண்டார், அதுவும் தெரியாது.
அடையாளம் பலித்தாலும் சொன்னவனின் பின்னால் ஓடாதே,
அவன் உன்னை யாரிடம் கூட்டிப் போகிறான் என்று பார்
என்கிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.
அவர் என்னை
என்னிடமே கூட்டிப் போனார்.

கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன்.
நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.
"அங்க எவ்வளவு தருவாங்க?" என்று கேட்டார்.
சொன்னேன்.
"நல்ல சம்பளம்" என்றார்.
பிறகு இருவரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

இப்போது நாலாம் மாதம்.
பெட்டியில் அவருடைய மாற்றுத் துணிகள்,
அடியில் கடிதம்.
ஜெபத்தில் அதைப் பற்றிக் கேட்கிறேன்,
பதிலை நானே சொல்லிவிடாமல் இருக்கப் பழகுகிறேன்.

அமிலம் பட்டு மஞ்சளான ஆள்காட்டி விரல்,
எந்தச் சோப்புக்கும் போவதில்லை.
அன்று குத்தியது இதே விரல்.
இதை வைத்துத்தான் இப்போது
ஒவ்வொரு வரியாய் நகர்கிறேன்,
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி
வாயசைத்து.